கார்டு மட்டும்

ஆர்ட்டிஸ்ட் என்று அவனை முதலில் கூப்பிட்டவர் எதிர்க்கடை சாவி ரிப்பேர்காரர். கிண்டலாகத்தான் கூப்பிட்டார். நாலைந்து வருடத்தில் கிண்டல் கழன்று போய்ப் பேர் மட்டும் தங்கிவிட்டது. அவனுடையது பச்சை குத்துகிற கடை. முன்னறையில் ஒரு மேஜையும் சோபாவும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாய்வு நாற்காலியும் வளைகிற விளக்கும் மெஷினும். மனைவியின் அண்ணன்தான் பங்குதாரர். காது மூக்கு குத்துவதும் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பதும் மச்சானின் வேலை. ஊசி பிடிப்பது இவன்.

இரண்டு பேருக்கும் லாபத்தில் சண்டை வந்தது கிடையாது. அந்தக் காசை எப்படி வாங்குவது என்பதில்தான் வந்தது.

ஆரம்பித்து வைத்தவர் சகலை. வங்கியில் வேலை பார்க்கிறவர். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் பத்துப் பேர் நடுவில், "உங்க கடையில இன்னும் ரொக்கம்தானே? அதுவும் சரிதான். வெளியில சொல்லிக்க முடியாத தொழிலுக்கு அதுதான் வசதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த இவன் மனைவியும் லேசாகச் சிரித்தாள். சகலை சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் தைத்தது.

அடுத்த வாரமே கார்டு மெஷின் வாங்கினான். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இனி காசே வாங்குவதில்லை என்று முடிவு கட்டி, 'கார்டு மட்டும்' என்று கதவில் ஒட்டினான். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி சுத்தமாக, மரியாதையாக இருக்க வேண்டுமாம்.

"கார்டு வாங்கு மாப்ளே, யார் வேணாங்கறா? காசும் வாங்கு" என்றார் மச்சான். "பல்லைப் பிடுங்கிக்கிட்டவன் ஊரெல்லாம் வாயைத் திறந்து காட்டுவான். நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டுப் போறவங்க. அவங்கவங்க வீட்டுல ஆயிரம் இருக்கும்."

"மறைச்சுக்கிட்டுப் போறவனுக்கு நான் ஏன் மச்சான் கடை நடத்தணும்? நாம என்ன திருட்டுச் சாமானா விக்கறோம்?"

"சரி, எத்தனை நாள் தாக்குப் பிடிக்கறன்னு பார்ப்போம்."

"ஒரு மாசம். ஒரு சில்லறை கையில வாங்காம நடத்திக் காட்டறேன்."

"காட்டு. காட்டிட்டா அப்புறம் இதைப் பத்தி நான் வாயே திறக்கல."

அந்தப் பந்தயத்தின் இருபத்து மூன்றாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்த அம்மா வந்தாள். மச்சான் மை வாங்கப் போயிருந்தார். காற்றுக்காகக் கதவைத் திறந்து சுவரோடு சாத்தி வைத்திருந்ததால் ஒட்டியிருந்தது அவள் கண்ணில் படவில்லை.

நாற்பது வயது இருக்கும். நாலு தெரு தள்ளி இருக்கிற லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள் என்றாள். வலது மணிக்கட்டில் வலிக்குக் கட்டுகிற துணிப்பட்டை. அதைக் கழற்றிக் காட்டினாள். உள்பக்கத்தில் ஒரு பேர், நாலெழுத்து, நீலம் வெளிறிப் பச்சையாகிப் போய் ஓரமெல்லாம் ஊறியிருந்தது.

"பத்தொன்பது வயசுல குத்திக்கிட்டது. இதை மூடணும். தெரியவே கூடாது."

"இலையும் கொடியுமா போட்டா மூடிடலாம்கா. ரெண்டரை மணி நேரம் ஆகும்."

"பதினோரு நாள்ல ஆறிடுமா?"

"முக்கால்வாசி ஆறிடும்."

ஏன் பதினோரு நாள் என்று அவன் கேட்கவில்லை. நாலாவது எழுத்தின் வாலை எந்த இலைக்குள் நுழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவனுக்குக் காது கேட்காது. அவளும் வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியோடு பழகிய கை. நடுவில் ஒரே ஒரு தடவை, "மகளுக்குப் பரீட்சை நடக்குது" என்றாள். "ஓ" என்றான்.

முடிந்ததும் இரண்டு போட்டோ எடுத்தான். குத்துவதற்கு முன்னால் எடுத்தது ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"போட்டோ எங்கேயும் போட்டுடாதீங்க" என்றாள்.

"என் போனை விட்டு வெளியில போகாதுக்கா. என்னைத் தவிர ஒரு ஈ காக்கா பார்க்காது."

அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிவிட்ட நோட்டுகள்.

"இங்க காசு வாங்கறதில்லைக்கா. கார்டுதான்."

அவளுக்குப் புரியவில்லை. "சரியா இருக்கு, எண்ணிப் பாருங்க. மிச்சம் வந்தாலும் வச்சுக்குங்க."

"மிச்சத்துக்கில்லை. கடை வழக்கம் அப்படி. போர்டு போட்டிருக்கோமே."

அவள் திரும்பித் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். குத்தியது குத்தியாகிவிட்டது, எழுந்து போகவும் வழியில்லை. "என்கிட்ட இருக்கிற கார்டு அவரும் நானும் சேர்ந்து வச்சிருக்கிற கணக்குங்க. அடிச்சா அவர் போனுக்கு மெசேஜ் போகும்."

அந்த இடத்தில் ஆர்ட்டிஸ்ட் ஒரு நிமிஷம் தயங்கியது உண்மை. கவரை வாங்கி டிராயரில் போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் மச்சான் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். டிராயரைத் திறப்பார். "இருபத்து மூணு நாள்தானா மாப்ளே?" என்பார். அந்தக் குரல் இப்போதே காதில் விழுந்தது.

"கடை பேரெல்லாம் அதுல வராதுக்கா. வெறும் நம்பர்தான் வரும். மளிகைக் கடைன்னு சொன்னாலும் நம்பிடுவாங்க" என்றான்.

அவனுக்கு அது தெரியாது. அந்த மெசேஜில் என்ன வரும், என்ன வராது என்று அவன் பார்த்ததே இல்லை. தெரிந்தவன் சொல்கிற மாதிரி சொன்னான், அவ்வளவுதான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கார்டை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். 'டிங்' என்றது.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓர் ஆள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். பச்சை குத்துகிற கடைக்கு யாரும் கதவைத் தட்டிக்கொண்டு வர மாட்டார்கள். கண்ணாடி, படிய வாரிய தலை, கத்தி மாதிரி மடிப்பு நிற்கிற சட்டை. அன்றைக்கும் மச்சான் கடையில் இல்லை.

"எங்க வீட்டம்மா செவ்வாய்க்கிழமை இங்க வந்திருந்தாங்களே, கையில போட்டுக்கிட்டு வந்தாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. நானும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக்கலாம்னு. ஜோடியா இருக்கட்டுமே."

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆர்ட்டிஸ்டுக்கு உள்ளே எதுவோ அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது அது சட்டென்று நின்றது. அவளே வீட்டில் சொல்லிவிட்டாளாம்! அவரே பாராட்டிக்கொண்டு வந்திருக்கிறாராம்! நாம்தான் வீணாகப் பயந்தோம். அந்தச் சந்தோஷத்தில் அவரை சோபாவில் உட்கார வைத்துத் தண்ணீர்கூடக் கொடுத்தான்.

"அவங்க கையில அவசரமாத்தான் பார்த்தேன். சரியா எப்படி இருக்குன்னு காட்டறீங்களா?"

காட்டினான். போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, அவனே தேடிக் காட்டினான். "இது முன்னாடி இருந்தது சார். இது இப்ப. பாருங்க, என்ன வித்தியாசம்."

அந்த ஆள் இரண்டாவது படத்தைப் பார்க்கவில்லை. முதல் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

"இந்தப் பேர் யாரோடது?"

"யாரோ பழைய ஆளா இருக்கும் சார். நாங்க அதெல்லாம் கேட்கறதில்லை." அவர் மனசு நோகக் கூடாதே என்று ஆர்ட்டிஸ்ட் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னான்: "எவனோ உருப்படாதவன்னு நினைச்சுக்குங்களேன். இனிமே அவன் பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் கிடைக்க மாட்டான்."

"என் பேர் அது" என்றார் அவர்.

குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். போனை மேஜையில் வைத்தார். "நன்றி" என்றார். போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

ஆர்ட்டிஸ்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. செவ்வாய்க்கிழமை அவள் எழுதிக் கொடுத்த படிவம் டிராயரில்தான் இருந்தது, கைபேசி எண்ணோடு. எடுத்தான். எண்ணை அழுத்தினான். பச்சைப் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் என்ன சொல்வது என்று யோசித்தான். உங்கள் வீட்டுக்காரர் வந்தார் என்றால், எப்படி வந்தார் என்று கேட்பாள். மெசேஜில் கடை பேர் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். போட்டோ? அதையும் சொல்ல வேண்டும். எண்ணை அழித்தான். புருஷன் பெண்டாட்டி விஷயம், சாயங்காலம் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பதினொன்றரைக்கு முதுகு முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு லாரி டிரைவர் வந்தார். அவர் முதுகில் குனிந்துகொண்டான்.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டபோது அணைத்து வைத்திருப்பதாக வந்தது.

அன்று சாயங்காலம் கதவிலிருந்த தாளை உரித்தான். பசை நாலு மூலையிலும் தங்கிவிட்டது, நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மச்சான் வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே ஆச்சு?" என்றார். இவன் பாதி சொன்னான். கார்டையும் போட்டோவையும் சொன்னான். போன் பண்ணாமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் லாண்டரிக்குப் போனார்கள். முன்பக்கம் ரசீது போடும் மேஜை, பின்னால் நீராவி. ஆறு பெண்கள் வரிசையாக நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மேஜை காலி. பக்கத்து மேஜைக்காரிதான் பேசினாள், அவளுடைய தோழியாம்.

"நேத்துப் பன்னெண்டேகாலுக்கு அந்தாள் இங்கேயே வந்துட்டான். எங்க முன்னாடியே அவ கையைப் பிடிச்சுப் பட்டையைப் பிச்சு எறிஞ்சான். புண்ணு ஆறாத தோலு, உரிஞ்சு வந்துடுச்சு. நாங்க அத்தனை பேரும் கூடித்தான் பிரிச்சோம். அவ அப்படியே கட்டின துணியோட மகளைப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இன்னும் ஒம்பது நாள் இருந்தா மகளுக்குப் பரீட்சை முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம், அவன் பேர் கையில இல்லாம, சத்தம் போடாம கிளம்பறதா இருந்தா. பொண்ணோட ஹால் டிக்கெட்டு, புத்தகம் எல்லாம் அந்த வீட்டுல. எடுத்துக் குடுக்க மாட்டேங்கறான். இன்னைக்கு ஒரு பரீட்சை, அவ எழுதல."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரோ அவன் காதுல போட்டிருக்காங்க" என்றாள் தோழி. "போட்டவங்க ஒரு போன் பண்ணியிருந்தாக்கூடப் போதும். பின்வாசல் வழியா அனுப்பியிருப்போம். ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தா வீட்டுக்குப் போய்ப் பொண்ணு சாமானையாவது எடுத்திருப்பா."

அவளுக்கு இவன் யாரென்று தெரியாது. அவளுக்குத் தெரிந்தவர்கள் என்று மட்டும்தான் மச்சான் சொல்லியிருந்தார். ஆர்ட்டிஸ்ட் நீராவியில் வியர்த்தபடி நின்றான். நான்தான் என்று சொல்ல நாக்கைப் புரட்டினான். வரவில்லை. தன் எண்ணை ஒரு சலவை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, "ஏதாவது தேவைன்னா கூப்பிடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான். வெளியே வந்ததும் மச்சான் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது திட்டுங்க மச்சான்."

"திட்டினா உனக்கு லேசாயிடும்" என்றார் அவர்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டிருக்கிறாளாம். பச்சை குத்தியதே எனக்குத் தெரியாது, சும்மா பார்க்கத்தான் லாண்டரிக்குப் போனேன், சூடான மேஜையில் பட்டு அவளே கையை உரித்துக்கொண்டாள் என்று புருஷன் எழுதிக் கொடுத்திருக்கிறான். "அவர் உங்க கடைக்கு வந்தாரா, என்ன சொல்லிக் கேட்டார்னு நீங்க வந்து சொல்லணும்" என்றாள். "வருவீங்களா?"

"வர்றேன்கா."

"அக்கான்னு கூப்பிட வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நீதிமன்றத்தின் பின்கட்டில் ஒரு நீளமான அறை. சுவரோரம் கட்டுக் கட்டாகக் காகிதம். வாக்குமூலம் எழுதிக்கொள்கிற குமாஸ்தா அம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளும் மகளும் பின்னால் பெஞ்சில் இருந்தார்கள். மகளுக்குப் பதினேழு வயது இருக்கும்; அம்மாவின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டுக்கு வெளியே இரண்டு இலை மட்டும் தெரிந்தது. மூன்றாவது இலை இருக்க வேண்டிய இடத்தில் துணி.

குமாஸ்தா ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் சொன்னான். தட்டினார். அந்த ஆள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது, ஜோடியாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றது, போட்டோ கேட்டது.

"நீங்க காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"அவங்க காட்டச் சொல்லியிருந்தாங்களா?"

"காட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

உருப்படாதவன் என்று தான் சொன்னதையும் அவன் விடவில்லை. குமாஸ்தா ஒரு நொடி கையை நிறுத்தி, "இதை அப்படியே எழுதவா?" என்றார். "எழுதுங்க" என்றான். பின்னால் பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது.

"அவர் எத்தனை மணிக்குக் கடையை விட்டுப் போனார்?"

"பதினொண்ணே காலுக்கு."

"அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?"

இந்தக் கேள்விக்கு அவன் வீட்டிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தான். போன் பண்ணினேன், எடுக்கவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. நேரத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மச்சானுக்கே தெரியாது. அவன் மேஜைமேல் இருந்த முத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பரை எடுத்தேன். கூப்பிடல. வேலை பார்த்தேன். ஒன்றரை மணிக்குத்தான் கூப்பிட்டேன்."

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "என்ன வெட்கம்?"

"அவங்க காசுதான் குடுத்தாங்க. நான் வாங்கல. கார்டுல அடிங்க, பேர் வராதுன்னு நான்தான் சொன்னேன். எனக்கு அது தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன். போன் பண்ணினா அதையெல்லாம் என் வாயால அவங்ககிட்டச் சொல்லணும். அதுக்கு வெட்கப்பட்டுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன்."

குமாஸ்தா அதையும் தட்டினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. குமாஸ்தா முழுவதையும் வாசித்துக் காட்டினார், சந்தைக் கணக்கு வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரலில். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அது இன்னும் அசிங்கமாக இருந்தது. இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

நடைவாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மகள் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம்.

"ரெண்டு மணி நேரம்" என்றாள் அவள். "எனக்கு இது தெரியாது. இப்பத்தான் கேட்கறேன்."

"ஆமாங்க."

"வந்து சொன்னதுக்கு நன்றி சொல்லணும். இன்னைக்கு என்னால முடியல."

கையைச் சரிசெய்து தருகிறேன், எப்போது வந்தாலும், காசு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்லவில்லை. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அந்தப் பெண் மட்டும் திருப்பத்தில் ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அவளுக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. போலீஸ்காரர் கூடப் போய்ப் புத்தகங்களை எடுத்து வந்தார்கள். எழுதாமல் விட்ட இரண்டு பரீட்சைக்கு அந்தப் பெண் அடுத்த தடவைதான் உட்கார வேண்டும். ஆறு மாதம் வீண். இதெல்லாம் லாண்டரித் தோழி மச்சானிடம் சொல்லித் தெரிந்தது. கையை அவள் வேறு எங்கோ போய்ச் சரிசெய்துகொண்டாளாம்.

ஆனால் நீதிமன்றத்துக்குப் போன அன்று இதெதுவும் தெரியாது. மச்சான் வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்கு மச்சான், அதையும் சேர்த்து."

வழியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திச் சொன்னான். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றார்.

வீட்டில் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவளிடம் கடையில் வேலை ஜாஸ்தி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

"என்ன முகம் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அப்புறம் சாப்பிடறேன். நீ உட்காரு."

அவள் கையிலிருந்த துணியோடு உட்கார்ந்தாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து ஆரம்பித்தான்.